காதல் படமும் கடவுள் பெயரும்

சினிமாப் படத்திற்குப் பெயர் வைப்பதும் ஒரு விஷயமா, அதைப் பற்றி ஒரு பகுத்தறிவுப் பத்திரிகை பத்தி பத்தியாக எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். பிள்ளைக்குப் பெயர் வைப்பது அற்ப விஷயமானால் படத்திற்குப் பெயர் வைப்பதும் அற்ப விஷயமே. ஆனால் நமது நாட்டில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது எந்தக் காலத்திலாவது அற்ப விஷயமாக இருந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

நாஞ்சில் நாட்டையே எடுத்துக் கொள்ளுவோம். இன்று கன்னியாகுமரி மாவட்டம் என்று அழைக்கப்படும் இப்பகுதி 1956 நவம்பர் 1-ந் தேதி தமிழ்நாட்டோடு சேருவதற்கு முன் திருவிதாங்கூர் ஆட்சியிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலும் அடங்கியிருந்தது. அந்தத் திருவிதாங்கூரில் 1809-ம் வருஷம் சாமித்தோப்பில் ஒரு நாடார் குடும்பத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர்கள் ஆசையோடு "முடிசூடும் பெருமாள்" என்று பெயர் வைத்தார்கள். உடனே மேல்சாதியாருக்குப் பொறுக்கவில்லை. கீழ்ச்சாதிப் பிள்ளைக்கு முடியா, அதிலும் பெருமாள் பட்டமா என்று ஆத்திரப்பட்டார்கள். பெற்றோர்கள் பயந்துபோய் அப்பெயரை எடுத்துவிட்டு "முத்துக்குட்டி" என்று மாற்றி வைத்தார்கள். முடிசூட வந்தவர் குட்டியாக்கப்பட்டார். அவரே பிற்காலத்தில் அய்யா வைகுண்டர் எனப்பட்டவர். அவரை அவதாரமாக்கிக் கும்பிடுவதில் நமக்குச் சம்மதமில்லை. ஆனால் தலையில் துணி கட்டக்கூடாதென்று அடக்கி வைக்கப்பட்ட ஜனங்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கச் சொன்ன மனிதர் என்பதற்காக அவரை மதிக்கிறோம். நாம் இங்கு கேட்பதெல்லாம் ஒன்றுதான். பிறந்த குழந்தையின் பெயரைக் கண்டு ஒரு சமூகத்தின் மேல்தட்டே நடுங்கிற்றென்றால், பெயர் அற்ப விஷயம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நிற்க. இப்பொழுது கையிலிருக்கும் செல்போனிலேயே படம் பிடித்துவிடலாம். நாகர்கோவிலிலோ, மார்த்தாண்டத்திலோ, தக்கலையிலோ கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு காதல் கதையைப் படமாக எடுத்துவிட முடியும். கதை கிடைப்பது கஷ்டமில்லை. பக்கத்து பெஞ்சிலேயே கிடைக்கும். கஷ்டமெல்லாம் பெயர் வைப்பதில்தான் வருகிறது. ஒரு மாணவன் தன் படத்திற்குக் கதாநாயகியின் பெயரையே வைக்க நினைக்கிறான் என்று வைத்துக் கொள்ளுவோம். வீட்டுக்கு வீடு இருக்கிற பெயர் ஒன்று, "ஜானகி" என்று வைக்கிறான். வைக்கலாமா?

வைக்கக்கூடாது என்று 2025-ம் வருஷத்தில் சொன்னார்கள். சொன்னவர்கள் ஊர்க்கோடியில் உட்கார்ந்திருக்கும் வைதீகர்களல்ல. சர்க்கார் சம்பளத்தில் நடக்கிற மத்திய திரைப்படச் சான்றிதழ் போர்டார் சொன்னார்கள். நமக்கு அடுத்த கேரளத்தில் "ஜானகி வெர்சஸ் ஸ்டேட் ஆஃப் கேரளா" என்று ஒரு படம் எடுத்தார்கள். கொடுமைக்கு ஆளான ஒரு பெண் நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிற கதை. ஜானகி என்பது சீதைக்கு மற்றொரு பெயராம். ஆகையால் அப்படிப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பெயர் வைக்கக்கூடாதாம். படத்தில் நடித்தவரோ அப்பொழுது மத்திய ராஜாங்க மந்திரியாக இருந்த சுரேஷ் கோபி. மந்திரி நடித்த படத்திற்கே இந்தக் கதி! சங்கதி கேரள ஹைக்கோர்ட்டுக்குப் போயிற்று. நீதிபதி படத்தையே போட்டுப் பார்த்தார். கடைசியில் என்ன முடிவு தெரியுமா? ஜானகி என்பதற்குப் பக்கத்தில் "வி." என்ற ஓர் எழுத்தைச் சேர்த்துக் கொள்ள வேண்டியது, கோர்ட்டுக் காட்சியில் குறுக்கு விசாரணை நடக்கும்போது அப்பெயர் காதில் விழாமல் செய்ய வேண்டியது. அப்படியே செய்து 2025 ஜூலை 17-ல் படம் வெளிவந்தது. ஓர் எழுத்தினால் சீதையின் மானம் காப்பாற்றப்பட்டது! இராமாயணக் காலத்தில் தீயில் இறங்கிக் காட்ட வேண்டியிருந்த கற்பு, இக்காலத்தில் ஓர் இனிஷியலில் தீர்ந்துபோயிற்று என்றால் இது கலிகால மகிமைதான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. "வி." சேர்த்த ஜானகியைத் தமிழ்நாட்டாருக்கு யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வைக்கத்தில் பிறந்து, "வைக்கம்" என்பதையே இனிஷியலில் வைத்துக் கொண்டிருந்த வி.என். ஜானகி அம்மையார் 1950-ல் "மருதநாட்டு இளவரசி"யில் கதாநாயகியாகக் காதல் செய்து நடித்தார். 1988 ஜனவரியில் இந்நாட்டின் முதல் மந்திரியாகவும் இருந்தார். எஸ். ஜானகி அம்மையார் பல பாஷைகளில் பாடிய காதல் பாட்டுக்களுக்குக் கணக்கே இல்லை. 2023-ல் "ஜானகி ஜானே" என்று ஒரு மலையாளப் படம் அதே போர்டாரின் சான்றிதழோடு வெளிவந்தது. அப்பொழுதெல்லாம் புண்படாத மனம் 2025-ல் மட்டும் திடீரென்று புண்பட்டது எப்படி? மனம் புண்பட்டதா, அல்லது புண்பட வேண்டுமென்று யாராவது உத்தரவு போட்டார்களா?

இது ஒரு படத்தின் சங்கதி மாத்திரமல்ல. கேரளத்திலேயே 2017-ல் "செக்ஸி துர்கா" என்ற படம் வந்தது. துர்கா என்ற பெண்ணும் கபீர் என்ற பையனும் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் புறப்படுகிற கதை. அது "எஸ் துர்கா" என்று சுருக்கப்பட்டது. வடக்கே 2018-ல் "லவ்ராத்ரி" என்று ஒரு காதல் படத்திற்குப் பெயர் வைத்தார்கள். நவராத்திரியைக் கேலி செய்வதாகும் என்று விசுவ இந்து பரிஷத்தார் கூச்சல் போட்டார்கள். "லவ்யாத்ரி" என்று மாற்றப்பட்டது. ராத்திரி போய் யாத்திரை வந்ததும் கடவுள் சாந்தமாகிவிட்டார். 2021-ல் "சத்யநாராயண் கி கதா" என்று இன்னொரு காதல் படத்தின் பெயரை வெளியிட்டார்கள். ஒரு மாதத்திற்குள்ளாகவே பயந்து அதைக் கைவிட்டு, 2023-ல் "சத்யப்ரேம் கி கதா" என்று வெளியிட்டார்கள். இப்படங்களின் யோக்கியதையைப் பற்றி நாம் சிபார்சு செய்ய வரவில்லை. ஆனால் இவை ஒவ்வொன்றிலும் காதல் வந்த இடத்தில்தான் கடவுளுக்குக் கோபம் வந்திருக்கிறது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

ஏன் வரவேண்டும்? கடவுள்களுக்குக் காதல் தெரியாதா? நாஞ்சில் நாட்டார் தக்கலைக்கு அருகில் வேளிமலை குமாரகோவிலுக்குப் போய்ப் பார்க்கட்டும். முருகன் வள்ளியைக் காதலித்து மணந்த இடம் அதுவே என்கிறார்கள். வருஷந்தோறும் பங்குனியில் திருக்கல்யாணம் நடத்துகிறார்கள். அதில் குறவர் படுகளம் என்று ஒரு வைபவம் உண்டு. பெண்ணின் சொந்தக்காரர்களாகிய குறவர்கள் ஆயுதமெடுத்துக் கொண்டு முருகனோடு சண்டைக்கு வருகிறார்கள். காதலன் ஜெயிக்கிறான், சொந்தக்காரர்கள் வீழ்கிறார்கள். கூடியிருக்கும் பக்தர்கள் ஆனந்தப்படுகிறார்கள். இதே கதையை 1945-ல் "ஸ்ரீ வள்ளி" என்று படமாக எடுத்தபோது தமிழ்நாடே திரண்டுபோய்ப் பார்த்தது. கிழவேஷம் போட்டு, யானையைக் காட்டிப் பயமுறுத்தி, ஏற்கெனவே ஒரு மனைவி இருக்க இன்னொருத்தியைச் சேர்த்துக் கொண்ட காதலுக்குக் கடவுள் பெயர் வைத்தால் பக்தி! ஒரு மாணவனும் ஒரு மாணவியும் ஒருவரையொருவர் சரிநிகராக நினைத்து நேசிக்கும் கதைக்கு அதே பெயர் வைத்தால் அபசாரமா? இது எந்த ஊர் நியாயம்?

கதையில் படுகளம் ஆகிறவர்கள் சொந்தக்காரர்கள். நிஜத்தில் படுகளம் ஆகிறவர்கள் யார்? 2016 மார்ச் 13-ந் தேதி உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பலர் பார்க்க, ஓர் இன்ஜினீயரிங் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கூடப் படித்த வேறு சாதிப் பெண்ணை மணந்தது தவிர அவர் செய்த குற்றம் எதுவுமில்லை. கூட இருந்த மனைவியும் வெட்டுப்பட்டார். 2025 ஜூலை 27-ந் தேதி, நாகர்கோவிலுக்கு வெகு தூரமில்லாத பாளையங்கோட்டையில், படித்து நல்ல உத்தியோகத்திலிருந்த ஒரு வாலிபர் வெட்டிக் கொல்லப்பட்டார். பள்ளிக்கூட நாள் முதல் பழகிய பெண்ணின் சகோதரனே கொன்றான் என்று போலீசார் வழக்குப் போட்டார்கள். இந்த வாலிபர்களுக்குப் பன்னிரண்டு கைகளும் இல்லை, வேலும் இல்லை. கோவிலில் படுகளம் பார்த்துக் கைகூப்பிய ஜனங்கள், தெருவில் படுகளம் நடந்தபோது எந்தப் பக்கம் நின்றார்கள் என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கட்டும்.

ஆகவே காதல் படத்திற்குக் கடவுள் பெயர் வைக்கக்கூடாது என்பதன் அர்த்தம் கடவுளைக் காப்பாற்றுவதல்ல. கடவுளுக்கு நம்முடைய காவல் தேவையென்றால் அவர் கடவுளே அல்ல. காப்பாற்றப்படுவது சாதி. பிள்ளைகள் தாங்களாகவே துணையைத் தேடிக் கொண்டால் சாதி நிற்காது. சாதி நிற்காவிட்டால் அதைக் கட்டி வைத்திருக்கிற மதத்திற்கு வேலையில்லை. இதனால்தான் காதல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சாமி பெயரைக் கண்டவுடனே அவர்களுக்கு உதறல் எடுக்கிறது.

இதற்கு அத்தாட்சி வேண்டுமானால் சாதிப் பெயர் வைத்த படங்களைப் பாருங்கள். 1992-ல் "சின்னக் கவுண்டர்" வந்தது. யாருடைய மனமும் புண்படவில்லை. அதே வருஷத்தில் "தேவர் மகன்" வந்தது. தமிழில் சிறந்த படம் என்று தேசிய விருதும் கொடுத்தார்கள். சாதிப் பெயரைக் கொட்டை எழுத்தில் போஸ்டர் ஒட்டினால் போர்டாருக்கு ஆட்சேபணையில்லை. 1991-ல் சர்க்கார் வெளியிட்ட வழிகாட்டி விதிகளில், படப் பெயர் பிறரைத் தூண்டிவிடுவதாகவும் புண்படுத்துவதாகவும் இல்லாதபடி போர்டார் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. சாதிப் பெயர் யாரையும் புண்படுத்தாதாம்! ஜானகி என்ற பெண்ணின் பெயர் புண்படுத்துமாம்! 2011-ல் "தெய்வத் திருமகன்" என்று ஒரு படத்திற்குப் பெயர் வைத்தபோது, அது தங்கள் தலைவர் முத்துராமலிங்கத் தேவருக்கு உரிய பட்டம் என்று ஆட்சேபித்தார்கள். "தெய்வத் திருமகள்" ஆயிற்று. ஆகவே தெய்வமும் சாதியும் இந்நாட்டில் ஒரே பட்டயத்தில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன என்று நாம் சொல்லுவதில் தப்பென்ன?

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். 2003-ல் "சண்டியர்" என்ற பெயரை ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி எதிர்த்தாரே. அது 2004-ல் "விருமாண்டி" என்று வந்ததே. 2009-ல் சவரத் தொழிலாளர் ஆட்சேபித்ததினால் இந்திப் படம் ஒன்றின் பெயரிலிருந்து "பார்பர்" என்ற சொல் எடுக்கப்பட்டதே. அதெல்லாம் நியாயமா என்று கேட்பார்கள். நமது பதில் சுலபமானது. ஒரு பெயரைக் கண்டிக்கவும், எதிர்த்து எழுதவும், கூட்டம் போட்டுப் பேசவும் யாருக்கும் உரிமை உண்டு. இராமாயணத்தைக் கண்டிக்க நமக்குள்ள உரிமை, நம்மைக் கண்டிக்க அவர்களுக்கும் உண்டு. ஆனால் எதிர்க்கிறவன் யார், எதற்காக எதிர்க்கிறான் என்று பார்க்க வேண்டாமா? அடிபட்டவன் "என்னை அடிக்கிறவனைப் பெருமைப்படுத்தாதே" என்று கேட்பதும், அடிக்கிறவன் "என் பிரம்புக்குப் பூசை செய்" என்று கேட்பதும் ஒன்றல்ல. அப்படியிருந்தும், இருவரில் யார் கேட்டாலும் தடியைத் தூக்குவதையும் சர்க்கார் முத்திரையைத் தூக்குவதையும் நாம் ஒப்புக்கொள்ளுவதில்லை. வாதத்திற்கு வாதமே பதில். பொது ஜனங்கள் வாதம் செய்யலாம். சான்றிதழ் கொடுக்கும் போர்டார் பூசாரி வேலை செய்யக்கூடாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. 2006-ல் தமிழ்நாட்டு சர்க்கார் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரியை விலக்கிக் கொடுத்தது. உடனே "ஜில்லுனு ஒரு காதல்" என்பது "சில்லுனு ஒரு காதல்" ஆயிற்று. "எம்டன் மகன்" என்பது "எம் மகன்" ஆயிற்று. தமிழில் பெயர் வைப்பதை நாம் மனதார வரவேற்கிறோம். ஆனால் ஒரு "ஜி"யைச் "சி"யாக்கினால் தமிழ் வளர்ந்துவிடுமா? பெயர் தமிழாயிருந்து உள்ளே பெண்ணடிமையும் சாதிப் பெருமையும் இருந்தால், அது சந்தனக் கிண்ணத்தில் சாக்கடைத் தண்ணீர் வைத்ததுதான். போதாக்குறைக்குப் படப் பெயரின் எழுத்துக்களை எண்ணிக் கூட்டி, கூட்டுத்தொகை சரியில்லையென்று இங்கிலீஷ் எழுத்து ஒன்றைக் கூடப் போட்டுக் கொள்ளுகிறவர்களும் உண்டு. இப்படி எண் பார்த்துப் பெயர் வைத்த படங்களெல்லாம் ஓடியிருந்தால் சினிமாவில் கடன்பட்டவன் என்று ஒருவனும் இருக்கமாட்டானே! நஷ்டம் வந்தால் எண் ஜோசியன் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறானா?

அப்படியானால் பெயர் எப்படித்தான் வைப்பது? நாஞ்சில் நாட்டு மாணவர்கள் இதற்காக வெளியூருக்குப் போக வேண்டியதில்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வழி காட்டியிருக்கிறார். 1949-ல் வெளிவந்த "நல்லதம்பி"யில் நந்தனார் கதையை எடுத்துக் "கிந்தனார்" என்று ஆக்கினார். நந்தன் சிதம்பரம் போக ஆசைப்பட்டான். கிந்தனோ பள்ளிக்கூடம் போக ஆசைப்பட்டான். ஓர் எழுத்துத்தான் மாறிற்று. போர்டார் சேர்த்த "வி." ஒரு பெண்ணின் பெயரை மறைக்கச் சேர்த்த எழுத்து, கலைவாணர் மாற்றிய "கி" ஒரு சமூகத்தின் கண்ணைத் திறக்க மாற்றிய எழுத்து. எழுத்து மாற்றுவதிலும் இரண்டு ஜாதி உண்டு என்பதை இதிலிருந்து அறியலாம்.

இதே நாட்டுக்காரரான நாஞ்சில் நாடன் 1977-ல் எழுதிய நாவலுக்குத் "தலைகீழ் விகிதங்கள்" என்று பெயர் வைத்தார். ஏழை வீட்டுப் பட்டதாரிக்கும் பணக்கார வீட்டுப் பெண்ணுக்கும் நடக்கும் கலியாணத்தில் பணம் என்ன பாடு படுத்துகிறது என்ற கதைக்கு, பள்ளிக்கூடத்துக் கணக்கிலிருந்தே ஒரு பெயர்! அது 2002-ல் படமாக வந்தபோது "சொல்ல மறந்த கதை" ஆயிற்று. இரண்டாவது பெயர் காதுக்கு இதமாக இருக்கலாம். ஆனால் முதல் பெயரே நோவு எங்கே என்று விரல் வைத்துக் காட்டுகிறது.

2018-ல் மாரி செல்வராஜ் எடுத்த "பரியேறும் பெருமாள்" வந்தது. சட்டக் கல்லூரியில் படிக்க வந்த ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவனுக்கு, கூடப் படிக்கும் பெண் அன்பு காட்டியதற்காக என்னென்ன கொடுமை நேர்ந்தது என்பது கதை. அப்பெயரைச் சற்று நின்று கவனியுங்கள். குதிரை ஏறும் பெருமாள்! 1809-ல் சாமித்தோப்பில் முடிசூடும் பெருமாள் என்ற பெயரைப் பறித்தார்கள். 209 வருஷங்களுக்குப் பிறகு, எந்தப் பெயரை வைத்துக் கொள்ள யோக்கியதை இல்லையென்று சொன்னார்களோ அதே பெயரின் தம்பி ஒருவன், தமிழ்நாட்டு வெள்ளித் திரைகளில் கொட்டை எழுத்தில் வந்து நின்றான். கடவுள் பெயர்தானே என்று கேட்கலாம். ஆம், கடவுள் பெயர்தான். அதில் கடவுளுக்குப் பெருமை ஒன்றுமில்லை. பறித்ததைத் திரும்ப வாங்கியவனுக்குத்தான் பெருமை.

மாணவத் தோழர்களே! 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை உடன் படிக்கும் மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதன்மேல் நியமிக்கப்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிக்கூடங்களின் பெயரிலிருந்து சாதியை எடுக்க வேண்டும், பிள்ளைகள் கையில் சாதி நிறத்தில் கயிறு கட்டக்கூடாது என்றெல்லாம் சிபார்சு செய்தது. 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடாதீர்கள் என்று தீர்மானித்தது. பெயரின் வாலிலிருந்து எடுக்கப்பட்ட சாதி பிள்ளைகளின் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த மாவட்டத்துப் பெண்கள் மாரை மறைக்கும் உரிமைக்காக 1859 வரையில் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தைச் சொல்லிய பாடத்தையே 2019-ல் மத்திய சர்க்காரின் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். புத்தகம் சொல்லாததைப் படமாவது சொல்ல வேண்டாமா?

ஆகையால் உங்கள் காதல் படத்திற்குப் பெயர் வைக்கும்போது ஜோசியனைக் கேட்காதீர்கள். சாதிச் சங்கத்தைக் கேட்காதீர்கள். யார் மனம் புண்படுமோ என்று பஞ்சாங்கம் பார்க்காதீர்கள். பெண்ணைப் பூவென்றும் நிலாவென்றும் தேவதையென்றும் பொம்மையென்றும் பெயர் வைக்காதீர்கள். பூவைப் பறிப்பான், நிலாவைப் பார்ப்பான், தேவதையைக் கும்பிடுவான், பொம்மையை உடைப்பான். மனுஷியாக நினைத்து அவள் அபிப்பிராயத்தைக் கேட்கவேமாட்டான். அவளுக்கும் வாய் உண்டு, படிப்பு உண்டு, வேண்டாமென்று சொல்லும் உரிமையும் உண்டு என்பதைப் பெயரிலேயே காட்டுங்கள். வேண்டுமானால் ஜானகி என்றே வையுங்கள். மேரி என்று வையுங்கள். பாத்திமா என்று வையுங்கள். மூன்று பெயர்களையும் சேர்த்தே வையுங்கள். மூன்று மதத்தாரும் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு என்ன இருக்கிறது?

எவனாவது வந்து ஒரு இனிஷியல் சேர்க்கச் சொன்னால், எங்கள் மாவட்டத்தில் ஒரு முறை பெயரை மாற்றியது போதும் என்று சொல்லுங்கள்.